துவைக்காத பனியன்

காணாமல் போனது ஒரு பனியன்.

வைரமில்லை, பத்திரமில்லை, யாருடைய கழுத்தும் அறுபடவில்லை. ஒரு தடிமாட்டு ஆம்பளை நாலு மாதமாக வியர்வையை ஊற்றி வளர்த்த, சாம்பல் நிறத்து, அக்குளில் கிழிந்த முழுக்கைப் பனியன். அதற்காக ஒரு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள் கண்ணுகளா, நான் தடுக்கவில்லை. அன்றைக்கு லேக்போர்ட்டில் சிரித்திருந்தால் உதைத்திருப்பார்கள்.

ஏனென்றால் அது அக்டோபர். லேக்போர்ட் படகோட்டிகள் அணியினர் முப்பத்தோரு வருடம் கழித்து பேஸ்பால் சாம்பியன் பட்டத்தின் வாசலில் நின்றார்கள். ஏழு ஆட்டத் தொடரில் ரெண்டு அணியும் ஆளுக்கு மூன்று ஜெயித்தாகிவிட்டது. ஏழாவது ஆட்டம் இன்று சாயங்காலம் நாலு மணிக்கு. படகோட்டிகளுக்காகப் பந்து வீசவேண்டியவன் டேன் ராடமேக்கர். அவனுடைய ராசியான பனியனைத்தான் காணோம்.

காலை பதினொன்றரைக்கு ஸ்டேடியத்தின் பின்கேட்டில் ஆர்டிஸ் கோவாச் தன் பழைய ஃபோர்டை நிறுத்தினாள். ஐம்பத்து மூன்று வயது. துப்பறிய வருவதற்கு முன் இருபது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊராரின் பொய்களுக்கு இணைப்புக் கொடுத்தவள். பக்கத்து சீட்டில் உதவியாளன் மெர்ல் ஸ்டக்கி, சூரியகாந்தி விதையைக் கொறித்து உமியை அவள் காரிலேயே துப்பிக்கொண்டிருந்தான்.

"மேடம், நெசமாவே பனியனைத் தேடவா வந்திருக்கோம்? போன மாசம் ஒரு பேங்க் மேனேஜரைத் தேடினோம். அடுத்த மாசம் யாரோட ஜட்டி?"

"எறங்குடா."

கேட் காவலாளி ஏர்ல் தொப்பியைக் கழற்றினார். "வாங்கம்மா. கோச் உங்களைத்தான் தேடிட்டிருக்கார். பாவம் டேன் தம்பி! இவ்வளவு நல்ல பிள்ளைக்கா இப்படி நடக்கணும்? காலையில ஒம்பதரைக்கு வந்தப்ப இங்கயே நின்னு, ஏர்ல், முட்டிவலி எப்படியிருக்குன்னு கேட்டாரும்மா. மருமகளுக்குப் பிரசவம் ஆச்சான்னு கேட்டாரு. பத்து நிமிஷம் பேசினாரு. இந்த சீசன்ல இப்பத்தான் முதல் தடவை."

"எங்க மேடம் மூணு வருஷமா என் முட்டியைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல" என்றான் மெர்ல்.

"உன் வாயைப் பத்தி ஊரே கேக்குதே, அது போதாதா?" ஆர்டிஸ் உள்ளே நடந்தாள்.

கோச் கஸ் ஷ்ரோடரின் அறையில் டேன் ராடமேக்கர் நின்றுகொண்டிருந்தான். ஆறடி நாலங்குலம். அந்த ஊரில் பால் வண்டியிலிருந்து பற்பசை விளம்பரம் வரை அவன் முகம்தான். முகம் என்னவோ அழகுதான். அதைச் சுமந்துகொண்டு திரிவதே ஒரு பெரிய ஊழியம் என்று அவன் நினைத்திருந்தான்.

"ஜூன் ரெண்டாம் தேதி!" என்று ஆரம்பித்தான். "அன்னிக்குத்தான் அந்தப் பனியனை முதல்ல போட்டேன். ஜெயிச்சேன். அதுக்கப்புறம் அதுல ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்ல. பதினாலு ஆட்டம் வீசினேன். பதினாலும் ஜெயம்! ஒண்ணு தோத்திருப்பேனா? கேளுங்க, கோச்சைக் கேளுங்க!"

கோச்சை அவன் வாய் திறக்கவே விடவில்லை. பத்து நாற்பதுக்குக் குளித்துவிட்டு வந்தானாம், லாக்கர் கொக்கி காலியாம். காலை ஏழு மணியிலிருந்து அறைச் சாவி சலவைக்கார வெண்டல் பெட்டிஜானிடம் மட்டும்தான் இருந்ததாம். அந்த ஆளின் பார்வையே சரியில்லை என்று மே மாதமே தன் மனசுக்குப் பட்டதாம். தன் அம்மா போனில் அழுதாளாம். அப்புறம் மறுபடி ஜூன் ரெண்டாம் தேதி.

"அந்த ஆளை ரெண்டு மணிக்குள்ள போலீஸ்ல குடுங்க. பனியன் இல்லாம நான் பந்து வீச மாட்டேன். ராசியோட விளையாடக் கூடாது கோச்!"

அவன் மூச்சு வாங்க வெளியே போனதும் மெர்ல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "முப்பத்தேழு நிமிஷம். எங்க ஊர் பாதிரியாரே இருபதுல முடிச்சிருவாரு, அதுலயும் நடுவுல பாட்டு உண்டு."

கோச் கஸ் நாற்காலியில் சரிந்தார். "பையங்க எல்லாரும் பயந்து கெடக்குறாங்க ஆர்டிஸ். பனியன் இல்லாத டேன் வேணாம், புதுப்பையன் ஹாலிஸே வீசட்டும்னு அவங்களே சொல்றாங்க. ஹாலிஸ் கையைப் பாத்தியா? காப்பிக் கோப்பை பிடிக்க முடியல அவனால."

"நீங்களும் இந்த ராசியை நம்புறீங்களா கஸ்?"

"நானா? சேச்சே!" என்ற கோச், எழுந்து கதவு நிலையை மூன்று முறை தட்டிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

இருபத்தைந்து ஆண்பிள்ளைகள் அந்த அணியில். ஒருத்தன் மைதானத்தின் சுண்ணாம்புக் கோட்டை மிதிக்கமாட்டான். ஒருத்தன் ஆகஸ்டிலிருந்து தினமும் காலையில் அதே கடையில் அதே பேன்கேக்கைத் தின்றுகொண்டிருந்தான். ராசிக்காகத் தாடி வளர்த்தவர்கள் ஒன்பது பேர். என் சின்ன மகள் நாலு வயதில் பொம்மையோடு இதைவிட அறிவாகப் பேசுவாள். இவர்களுக்குத்தான் ஊர் கைதட்டியது.

சலவை அறை கட்டடத்தின் அடிவயிற்றில் இருந்தது. நாலு வாஷிங் மெஷின், ரெண்டு டிரையர். நடுவில் அறுபது வயது வெண்டல் பெட்டிஜான் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். திருடன் என்று பட்டம் கட்டியாகிவிட்டது, வாசலில் காவலுக்கு ஆள் போட்டாகிவிட்டது, அப்போதும் ஓரத்தோடு ஓரம் பிசகாமல் மடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க மிஸ்டர் பெட்டிஜான்?"

"இருபத்தேழும்மா."

"பனியனை எடுத்தீங்களா?"

"இல்லம்மா."

"அதைத் தொட்டதாவது உண்டா?"

வெண்டலின் கை நின்றது.  அவர் கண் ஒரு நொடி மேலே அலமாரிக்குப் போய்த் திரும்பியது. ஆர்டிஸும் பார்த்தாள். சோப்புத்தூள் பெட்டிகளுக்குப் பின்னால் ரெண்டு பழைய டப்பா. ஒன்றில் காய்ந்த காப்பிச் சக்கை. இன்னொன்றில் மைதானத்துச் செம்மண்.

மெர்ல் அவள் காதருகே குனிந்தான். "முடிஞ்சுது மேடம். இவருதான். வாங்க, கேண்டீன்ல ஹாட் டாக் சூடா இருக்கும்."

"வாயை மூடு." அவள் வெண்டல் பக்கம் திரும்பினாள். "டேன் பந்து வீசுற நாள்ல அவரோட லாக்கர் பக்கம் போவீங்களா?"

"நல்லா கேட்டீங்க போங்க!" வெண்டலுக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. "எந்த வீச்சாளர்னாலும் அன்னிக்கு யாரும் கிட்டப் போகக் கூடாதும்மா. இந்த ஆட்டத்துல அதுதான் முறை. தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. பேச மாட்டாங்க, பேசவும் விடமாட்டாங்க. பேசினா கையில இருக்கற வேகம் வாய் வழியா போயிடுமாம். நான் காப்பியை வச்சிட்டு நுனிக்கால்ல வந்துருவேன். கோச்சே சீட்டுலதான் எழுதிக் குடுப்பாரு. டேன் சார் அதுல ரொம்பக் கெடுபிடி. சம்சாரம் போன் பண்ணாக்கூட எடுக்க மாட்டாரு."



வெண்டல் அடுத்த துண்டை எடுத்தார். "வேலை போறதுக்கு நான் அழ மாட்டேம்மா. என் பொண்ணு டெட்ராய்ட்லேர்ந்து பஸ்ல வந்துட்டிருக்கா. இங்க நான் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் ஒரு ஆட்டம்கூட அவளுக்குக் காட்டினதில்ல. ரெண்டு மணிக்கு அந்தக் கேட்ல வந்து நிப்பா. ரெண்டு மணிக்குத்தான் என்னை விலங்கு போட்டு அதே கேட் வழியா..." துண்டை மடித்து முடித்தார். "திருடன்னு போறதுதாம்மா தாங்கல."

கடிகாரத்தில் மணி பன்னிரண்டு நாற்பது.

கோச்சையும் கூட்டிக்கொண்டு டேனின் லாக்கருக்குப் போனார்கள். ஆர்டிஸ் ஒதுங்கி நின்றாள். "மெர்ல், உன் மூக்கை உள்ள விடு."

"என்ன பாவம் பண்ணேன் மேடம்? நாலு மாச வேர்வை தொங்கின எடம்! ஸ்கங்க் செத்த மாதிரி இருக்கும்."

"விடுடா."

மெர்ல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தலையை உள்ளே நுழைத்தான். ஒரு கண்ணைத் திறந்தான். இன்னொன்றையும் திறந்தான். ஆழமாக இழுத்தான்.

"நாறல மேடம்."

"நல்லாப் பாரு."

"என் ரூமைவிட நல்லா இருக்கு. இங்கயே குடிவந்துரலாம் போல."

ஆர்டிஸ் தலையாட்டினாள். அவள் உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. அவளை அறிந்தவர்கள் அதைச் சிரிப்பு என்பார்கள்.

"கஸ், எங்கெல்லாம் தேடினீங்க?"

"எல்லா லாக்கர், எல்லாப் பை, கூரைப் பலகை, குப்பைத்தொட்டி, கொதிகலன் அறை. கேட்ல ஒவ்வொரு பையையும் அவுத்துப் பாக்குறாங்க. வெளியே போயிருக்கவே முடியாது."

"அந்த அறை?" ஆர்டிஸ் வெளியே நடைக்கு வந்து கை காட்டினாள்.

நடையின் கோடியில் ஓர் இரும்புக் கதவு. ஆட்டக்காரர் ரெண்டு பேர் அந்த வழியாக வந்தார்கள். கதவை நெருங்கியதும் எதிர்ச்சுவரோடு ஒட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள், உள்ளே யாரோ உடையில்லாமல் இருப்பது போல.

கோச்சின் முகம் வெளுத்தது. "அதை மட்டும் திறக்காத ஆர்டிஸ்! ஜெயிச்சா உடைக்க வச்சிருக்கற ஷாம்பெயின் அது. காலையில ஒம்பது மணிக்குக் கடைக்காரங்க கொண்டாந்து ஐஸ்ல போட்டுட்டுப் போனாங்க. ஜெயிக்கிறதுக்கு முன்னாடி எங்க ஆளுங்க யாரும் அதைக் கண்ணால பாக்கக் கூடாது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் எட்டிப் பாத்தான். அன்னிக்குத் தோத்தோம்!"

"அதனால அங்க மட்டும் தேடல."

"தேடுறதா? எவனுக்குத் துணிச்சல் வரும்?"

"ஒருத்தனுக்கு வந்திருக்கு" என்று சொல்லி ஆர்டிஸ் கதவைத் திறந்தாள். கோச் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். லட்சக்கணக்கான பேருக்குத் தலைவர் மாதிரி தெரிகிற மனுஷன்.

உள்ளே பெரிய தகரத் தொட்டி, ஐஸ் நிறைய பாட்டில்கள். மெர்ல் சட்டைக்கையைச் சுருட்டித் தோள்வரை கையை விட்டான். "ஏரியில மீன் பிடிக்கறப்போகூட இவ்வளவு குளிர் இருந்ததில்ல மேடம்... பாட்டில்... பாட்டில்... இதுவும் பாட்டில்... ஆங்! மாட்டிடுச்சு. எலும்பில்லாத மீனு."

சொட்டச் சொட்டச் சாம்பல் நிறப் பனியன் வெளியே வந்தது.

ஒன்று நாற்பதுக்கு உடைமாற்றும் அறையில் அணி முழுக்கக் கூடியிருந்தது. ஆர்டிஸ் பனியனை நடு மேஜையில் போட்டாள். வெண்டலை அழைத்து வந்து நிறுத்தியிருந்தார்கள், ரெண்டு பக்கமும் காவல்.

"எங்க இருந்துது?" என்றது ஒரு தாடி.

"ஷாம்பெயின் தொட்டியில."

இருபத்து நாலு பேர் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். டேன் மட்டும் முன்னால் வந்தான். "பாத்தீங்களா! சலவைக்காரன்தான் ஒளிச்சிருக்கான்! நான் சொன்னேன்ல? மே மாசமே சொன்னேன்!"

"இன்னும் பேசுங்க மிஸ்டர் ராடமேக்கர்" என்றாள் ஆர்டிஸ். "நீங்க பேசுறது எனக்கு ரொம்ப உதவியா இருக்கு. இன்னிக்கு நீங்க பந்து வீசுற நாள், இல்லையா?"

"ஆமா."

"வீசுற நாள்ல சம்சாரம் போன் பண்ணாக்கூட எடுக்கமாட்டீங்களாமே? கோச் சீட்டு எழுதிக் குடுப்பாராமே?"

அறையில் யாரோ விதை மெல்லுவதை நிறுத்தினார்கள். மெர்ல்தான்.

"பனியன் திருடு போன ஆத்திரத்துல பேசினேன்!" என்றான் டேன். "என் எடத்துல யாரா இருந்தாலும் பேசியிருப்பாங்க!"

"என்கிட்ட முப்பத்தேழு நிமிஷம் பேசினது ஆத்திரத்துல. சரி. பனியன் காணோம்னு உங்களுக்குத் தெரிஞ்சது பத்து நாப்பதுக்கு. ஒம்பதரைக்குக் கேட்ல நின்னு ஏர்லோட முட்டியைப் பத்தி விசாரிச்சீங்களே, அது எந்த ஆத்திரத்துல? அவரோட மருமக பிரசவத்துல உங்களுக்கு என்ன கோபம்?"

 ஆட்டக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெளியாளுக்கு இது ஒரு சாட்சியே இல்லை. அவர்களுக்கோ கைரேகை, ரத்தக்கறை எல்லாமே அதுதான்.

"இன்னிக்குக் கேட்டுக்குள்ள வரும்போதே பந்து வீசுறதில்லைனு முடிவு பண்ணிட்டு வந்தீங்க. அதான் நிம்மதியா வாய் திறந்துது. நீங்க பதினாலு ஆட்டம் தோக்காத ஆள். இன்னிக்குத் தோத்தா, ஊர் அந்தப் பதினாலை மறந்துட்டு இந்த ஒண்ணைத்தான் சொல்லும். ஹாலிஸ் வீசினா? அவர் ஜெயிச்சா உங்களுக்கும் சாம்பியன் மோதிரம் உண்டு. தோத்தா பழி ஹாலிஸ் மேல. எப்படியும் நீங்க தோக்காத டேன் ராடமேக்கர்."

"பொய்!"

"தொட்டியும் அப்படித்தான். ஜெயிச்சா பாட்டில் எடுக்கறப்போ பனியன் கெடைக்கும், வெண்டல் தலையில விழும். தோத்தா அந்தக் கதவை ஒருத்தரும் திறக்க மாட்டாங்க. நல்ல எடம்தான். ஒரே ஒரு குறை. ராசியை நம்புற எவனும் அதுக்குள்ள கையை விடமாட்டான். இந்தக் கட்டடத்துலயே ராசியை நம்பாத ஆட்டக்காரர் நீங்க ஒருத்தர்தான் மிஸ்டர் ராடமேக்கர். அதைப் பத்தி அதிகமா கத்தினவரும் நீங்கதான்."

 டேனின் கண் மேஜைக்குப் போனது. அங்கே ஒரு வழி தெரிந்துவிட்டது அவனுக்கு. நனைந்த பனியனைத் தூக்கி எல்லார் முன்னாலும் பிடித்தான்.

"எவன் போட்டா என்ன? இதைப் பாருங்கடா! தண்ணி பட்டுடுச்சு! நாலு மாசம் துவைக்காம வச்சிருந்த ராசி மொத்தமும் ஐஸ்ல கரைஞ்சு போச்சு. இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படி வீசுவேன்? நீங்களே சொல்லுங்க! எனக்காகவா சொல்றேன்? உங்களுக்காகச் சொல்றேன்!"

நீங்கள் நம்பமாட்டீர்கள், நாலைந்து தாடிகள் ஆமாம் என்று ஆடின. ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டியபிறகும் ஆடின. கோச் நெற்றியைத் தேய்த்தார். "அதுவும் நியாயம்தான்... தண்ணி பட்டுடுச்சே..."

அப்போதுதான் வெண்டல் பெட்டிஜான் தொண்டையைச் செருமினார்.

"சார்... இது பதினஞ்சாவது தடவை."

"என்னது?"

"தண்ணி படுறது." அவர் ஆர்டிஸைப் பார்த்தார். அவள் சொல்லுங்கள் என்பதுபோலத் தலையசைத்தாள். "ஜூன்ல முதல் ஆட்டம் முடிஞ்ச அன்னிக்கே நாத்தம் தாங்கல. நான் துணி துவைக்கிறவன். அழுக்குத் துணியைத் தொங்கவிட்டுட்டு வீட்டுக்குப் போக எனக்கு மனசு வரல. அதனால துவைச்சேன். டேன் சார் கண்டுபிடிக்கக் கூடாதேன்னு காப்பிச் சக்கையும் செம்மண்ணும் தேய்ச்சு, பழைய கறை இருந்த எடத்துலயே கறை வச்சுக் காய வச்சேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கு அப்புறமும். பதினாலு தடவை. வாசனையில்லாத சோப்புதான் போட்டேன். இன்னிக்குத் தோத்துட்டா ராசியைத் துவைச்சுக் கொன்னவன் நான்தான்னு ஊரே என்னைக் கொளுத்திடும். அதான் இந்தம்மா கேட்டப்போ வாயே வரல."

 மெர்ல் மெதுவாக எண்ணினான். "அப்படின்னா ஜெயிச்ச பதினாலும்..."

"சுத்தமான பனியன்ல" என்றாள் ஆர்டிஸ். "முதல் ஆட்டத்துக்குப் புதுசு. மிச்சமெல்லாம் சோப்பு."

முதலில் சிரித்தவன் பேன்கேக் தின்பவன். அப்புறம் ஒரு தாடி. அப்புறம் அறையே சிரித்தது. கோச் கஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வழிய. காவலுக்கு நின்ற ரெண்டு பேரும் எப்போது வெண்டலை விட்டு விலகினார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை.

டேன் ராடமேக்கர் மட்டும் சிரிக்கவில்லை. ராசி போய்விட்டது என்று இனிச் சொல்ல முடியாது. பனியன் இல்லை என்றும் சொல்ல முடியாது. அவனிடம் மிச்சமிருந்தது ஒரு கையும், நாலு மணிக்கு ஓர் ஆட்டமும்.

"பந்தை ஹாலிஸ்கிட்டயே குடுத்துடலாம் கோச்" என்றது ஒரு குரல்.

"எதுக்கு?" கோச் சிரிப்பை நிறுத்திவிட்டார். "பதினாலும் இவன் கைதானே ஜெயிச்சுது? துணி இல்லையே? தோக்குறதுக்குப் பயம்னா, நாப்பதாயிரம் பேர் முன்னாடி பந்து வீசுற மேட்டுல நின்னு பயப்படட்டும்."

"அதுக்கு முன்னாடி" என்றாள் ஆர்டிஸ், "அவர் இன்னும் ஒரே ஒரு வாக்கியம் பேச வேண்டியிருக்கு. எனக்கில்ல."

டேன் தரையைப் பார்த்தான். காதெல்லாம் சிவந்திருந்தது. "நீங்க எடுக்கல மிஸ்டர் பெட்டிஜான். நான்தான் எடுத்தேன்."

இருபத்தேழு வருடத்தில் ஓர் ஆட்டக்காரன் அவரை மிஸ்டர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை.  வெண்டல் மேஜையிலிருந்து பனியனை எடுத்தார், ஒரு முறுக்கு முறுக்கிப் பிழிந்தார், உதறினார்.

"டிரையர்ல இருபது நிமிஷம் ஆகும். கறை வைக்கணுமா சார், சும்மாவே போட்டுக்கறீங்களா?"

 டேன் தன் லாக்கர் முன்னால் போய் உட்கார்ந்தான். ஒரு துண்டை எடுத்தான், அன்று காலை வெண்டல் மடித்து வைத்த துண்டு. தலையில் போட்டுக்கொண்டான்.

கேட்டில் ரெண்டு மணிக்கு நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்து நின்றாள். அவள் அப்பா ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே அவளைக் கூட்டிவரப் போனார். ஏர்ல் கேட்டை அகலமாகத் திறந்துவிட்டார்.

உடைமாற்றும் அறையில் மெர்லுக்குப் பொறுக்கவில்லை. துண்டுக்கடியில் குனிந்திருந்தவன் அருகே போய், "ஏன் சார், உங்க முட்டிவலி எப்படி..." என்று ஆரம்பித்தான்.

இருபத்தைந்து விரல்கள் இருபத்தைந்து உதடுகளுக்குப் போயின.

"உஷ்!" என்றார் கோச். "இன்னிக்கு அவன் பந்து வீசுற நாள்."